சிரியத்தில் ஒன்பது மணி நேரம்

திலாவா துறையில் கப்பல்
சிமெண்டு இறக்கிக்கொண்டிருந்தது.
ஆறு மணிக்குள் வந்துவிடு என்றார் தலைமைச் சமையல்காரர்,
வெங்காயம் உரிக்க ஆளில்லை.

துறைமுக வாசலில் மோட்டார் சைக்கிள்மேல் சாய்ந்து
வெற்றிலை மென்றுகொண்டிருந்தவன்
நேராகத் தமிழிலேயே கேட்டான்:
"எங்க போவணும்?"
எப்படித் தெரிந்தது என்றேன்.
"கல்லு குத்துச்சுன்னு ஒரு வார்த்த சொன்னீங்களே,
அத எங்க அப்பாவும் சொல்லும்."

அடையாள அட்டையில் அவன் சோ ஸ்வா.
வீட்டில் ஏழுமலை.
பதினைந்தாயிரம் சாட், சாப்பாடு தனி.
என் பெயரைச் சொன்னேன்:
சிலுவை கொரைரா, தூத்துக்குடி.
"கொரைராவா? அது எந்த ஊர் பேரு?"
நல்லவேளை,
வண்டி அப்போது ஒரு பள்ளத்தில் இறங்கியது.

சௌக்டானில் ஓடையின் நடுவே கோயில் நிற்கிறது.
எந்த வெள்ளத்திலும் முழுகாதாம்.
எப்படி என்று கேட்டேன்.
"முழுகல. அவ்வளவுதான்."
படகுக்காரி கன்னத்தில் தனகா காய்ந்து வெடித்திருந்தது,
கோடையில் உப்பளத்துப் பாத்தி போல.
பொரி வாங்கிப் போட்டோம்.
கை நீளக் கெளுத்திகள்
ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி
வாயைப் பிளந்தன.
வலை காயும் வீட்டில் பிறந்தவன் நான்,
மீனுக்குச் சோறு போட்டது இதுவே முதல் தடவை.
"உங்க ஊர்ல இத எப்படி வைப்பீங்க, புளி ஊத்தியா?"
அவன் சத்தமாகக் கேட்டான்.
நான் புத்தரைப் பார்க்காமல் நகர்ந்தேன்.

வழியில் மொஹிங்கா.
அப்புறம் அவர்கள் மாரியம்மன் கோயில்.
தூணருகே ஒரு தகரப் பலகை, தமிழில்,
பாதி துருவில்.
தினமும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வானாம்.
பேசத் தெரியும், படிக்கத் தெரியாது.
"என்ன மந்திரம் அது, படிங்க."
படித்தேன்:
தேர் வடம், ரூபாய் ஏழு.
எண்ணெய், ரூபாய் இரண்டு அணா நாலு.
கண்டாக்டர் பெரியதம்பி வகையில் பாக்கி, ரூபாய் மூன்று.
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான்.
பிறகு மறுபடி தொட்டு ஒற்றிக்கொண்டான்.
"பெரியதம்பி எங்க தாத்தா."

வெயில் சாய்கையில் அந்த மேடு.
செங்கல் சுவர்கள், கூரைக்குப் பதில் பருந்து.
"போர்த்துகீசுக்காரன் கட்டுனது.
அவங்க ஆளு ஒருத்தன் இங்க ராஜாவாவே இருந்தானாம்.
பகோடா மணியத் தூக்கிட்டுப் போறப்ப
ஆத்துல முழுகிப்போச்சாம், இன்னும் உள்ளதான் கெடக்குதாம்.
உங்க ஆளா அவன்?"
பேர் மட்டும் என்றேன்.
யாரோ ஒரு பாதிரி எங்கள் கரையில்
தண்ணீர் தெளித்துத் தந்த பேர்.

கல்லறைக் கல்லில் எழுத்துகள் தேய்ந்திருந்தன.
இருவருமே குனிந்து பார்த்தோம்,
இருவருக்குமே எட்டவில்லை.
மேற்குச் சுவரின் திறப்பில் அவன் ஏறி உட்கார்ந்தான்,
சட்டமும் இல்லை, கம்பியும் இல்லை.
"ஜன்னல்ல நல்லா காத்து வருது."
அந்தச் சொல்லும் அவர்கள் விட்டுப்போனதுதான் என்றேன்.
ஜன்னல், சாவி, அலமாரி,
மேசை, பீப்பாய்.
கட்டியது இங்கே இடிந்தது,
சொன்னது நம் வாயில் நின்றுவிட்டது.
இப்படி ஒரு வாக்கியம் எனக்கு வருமென்று
எனக்கே தெரியாது.

அவன் மசியவில்லை.
"ஜன்னல் தமிழுங்க.
எங்கம்மா தினம் சொல்லும், ஜன்னலச் சாத்துடான்னு.
எங்கம்மாவுக்குத் தமிழ விட்டா வேற என்ன தெரியும்?"
வெற்றிலைச் சாற்றைச் சுவருக்கு வெளியே,
கவனமாக வெளியே துப்பிவிட்டு,
"அப்ப கொரைராவும் தமிழ்தான், எறங்குங்க,
மணி அஞ்சாச்சு."

வாசல் காவலர் பேரேட்டைத் திருப்பி
பெயர் கேட்டார்.
சொன்னேன். வட்டம் வட்டமாக எழுதினார்.
இதில் நான் யாராகியிருக்கிறேன் என்று
திரும்பி ஏழுமலையைக் கேட்கப் பார்த்தேன்.
அவன் அதற்குள் இன்னொருவனிடம்
பர்மியத்தில் பேரம் பேசிக்கொண்டிருந்தான்.

இருபது கிலோ வெங்காயம்.
கண் எரிந்தது.
சமையலறை ஜன்னலைத் திறந்துவிட்டேன்.